ஒரே தகட்டில் பல அலைவரிசை: செல்போனுக்குள் இருக்கும் ஆன்டெனாவின் கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இன்டர்நெட் எப்படி எடுப்பது?" என்பதுதான். கேபிள் வராத ஊர்களில் செல்போனில் ஹாட்ஸ்பாட் போடுவார்கள், அல்லது யுஎஸ்பி மோடம் செருகுவார்கள். வேகம் குறைந்தால் கம்ப்யூட்டரையும் விண்டோஸையும் வைரஸையும் திட்டுகிறோம். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு சின்னத் தகட்டை மட்டும் யாரும் நினைப்பதில்லை. அதுதான் ஆன்டெனா.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் கிளியனூர் இருக்கிறது. அங்கிருந்து கிழக்கே போனால் கழுவெளி ஏரி, அதற்கும் அப்பால் மரக்காணம் உப்பளங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்திதான். மலை இல்லை, மாடிக் கட்டடங்கள் இல்லை. இப்படிப்பட்ட வெட்டவெளிகளில் டவர்கள் தள்ளித் தள்ளித்தான் நிற்கும். இங்கே இரண்டு பேர் ஒரே கம்பெனி சிம் போட்ட இரண்டு போன்களை வைத்திருந்தால், ஒன்றில் பேச்சு கேட்கும், இன்னொன்றில் அறுந்து அறுந்து வரும். டவரும் ஒன்று, சிம்மும் ஒன்று என்றால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்.

எத்தனை நீளம் வேண்டும்?

ஊஞ்சலைத் தள்ளியிருப்பீர்கள். அது திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு விரல் போதும், உயரமாகப் போகும். நேரம் தப்பினால் எவ்வளவு முக்கித் தள்ளினாலும் போகாது. ஆன்டெனாவும் அப்படித்தான். ஒரு உலோகத் துண்டில் மின்சாரம் முன்னும் பின்னும் ஓட ஒரு இயற்கையான நேரம் உண்டு. வரும் ரேடியோ அலையின் நேரம் அதோடு பொருந்தினால் ஆன்டெனா நன்றாக வாங்கும், நன்றாகவும் அனுப்பும். இந்த நேரத்தை முடிவு செய்வது துண்டின் நீளம். ஒரு முனை தரையோடு, அதாவது சர்க்கியூட் போர்டின் செம்புப் பரப்போடு, இணைந்திருந்தால் அலைநீளத்தில் கால் பங்கு நீளம் இருந்தால் போதும்.

இதை நீங்களே எக்ஸெல்லில் போட்டுப் பார்க்கலாம். ரேடியோ அலை ஒரு நொடியில் மூன்று லட்சம் கிலோமீட்டர் போகிறது. எனவே 300000-ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மில்லிமீட்டரில் வரும். அதில் கால் பங்குக்கு 75000-ஐ வகுத்தால் போதும். புதிய ஒர்க்‌ஷீட் திறந்து ஏ2 செல்லில் 900 என்று டைப் செய்யுங்கள். பி2 செல்லில் =75000/ஏ2 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள் (ஏ என்பதை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும்). 83.33 என்று வரும். இப்போது ஏ3-லிருந்து கீழே 700, 850, 1800, 2100, 2300, 3500 என்று வரிசையாக டைப் செய்யுங்கள். பி2 செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லாவற்றுக்கும் விடை வந்துவிடும்: 107, 88, 42, 36, 33, 21 மில்லிமீட்டர் (முழு எண்ணாக்கிச் சொல்கிறேன்). இவையெல்லாம் இந்தியாவில் செல்போன் சேவைக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசைகள். இதோடு ஜிபிஎஸ்ஸுக்கு 1575.42, நமது இஸ்ரோவின் நாவிக் சேவைக்கு 1176.45, வைஃபை மற்றும் புளூடூத்துக்கு 2450 ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 48, 64, 31 என்று விடை வரும்.

பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ் பாருங்கள். பெரியது 107 மில்லிமீட்டர், சின்னது 21. இத்தனை நீளங்களையும் சட்டைப் பையில் போகும் ஒரு பொருளுக்குள் அடக்க வேண்டும் என்பதுதான் வடிவமைப்பாளருக்குக் கொடுக்கப்படும் வேலை.

பழைய காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. கிளியனூருக்குத் தெற்கே, புதுச்சேரியை அடுத்த வில்லியனூரை மையமாக வைத்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சுற்று வட்டாரக் கிராமங்களில் கம்ப்யூட்டர் வைத்து, அவற்றை வில்லியனூரோடு விஎச்எஃப் வயர்லெஸ் மூலம் இணைத்தார்கள். அமெரிக்கக் கடற்படையின் இணைய தளத்திலிருந்து அலை உயரத் தகவலை எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். விஎச்எஃப் என்பது 30 முதல் 300 மெகா ஹெர்ட்ஸ் வரை. 150 என்று வைத்துக் கணக்குப் போட்டால் கால் அலை அரை மீட்டர் வரும். அது பெரிய விஷயமே இல்லை. கம்பத்தில் எவ்வளவு நீளக் கம்பி வேண்டுமானாலும் கட்டலாம். ஒரு அலைவரிசை, ஒரு கம்பி, கதை முடிந்தது. கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும் என்று வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது.

900-க்கு வைத்த கம்பி 1800-க்கு ஆகாதா?

இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31-ம் தேதி கொல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போனது. அப்போது ஜிஎஸ்எம் 900 மட்டும்தான். போன்களின் தலையில் கொம்பு மாதிரி ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் சுருட்டி வைத்த கம்பி இருக்கும். பின்னர் 1800-ம் வந்தது. இரண்டிலும் வேலை செய்யும் போன் தேவைப்பட்டது.

1800 என்பது 900-க்குச் சரியாக இரண்டு மடங்கு. எனவே ஒரே கம்பி தானாகவே இரண்டுக்கும் பொருந்திவிடும் என்று நினைக்கத் தோன்றும். பொருந்தாது. கால் அலை ஆன்டெனா தன் அலைவரிசையில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படை மடங்குகளில்தான் ஒத்துப்போகும். 900-க்கு வெட்டிய கம்பி அடுத்து 2700-ல்தான் விழித்துக்கொள்ளும். அங்கே நமக்கு வேலை இல்லை. 1800-ல் அது ஏறக்குறைய செவிடு.

இதற்கு வழி, ஒரே உலோகத்துக்குள் இரண்டு பாதைகளை அமைப்பது. நீளமான பாதையில் 900 ஓடும், குட்டையான பாதையில் 1800 ஓடும். 1990-களில் இதற்கு நல்ல வடிவம் கிடைத்தது. போர்டுக்கு மேலே சில மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு தகடு படுத்திருக்கும். அதிலிருந்து இரண்டு கால்கள் போர்டுக்கு இறங்கும். ஒரு கால் தரையோடு இணைந்திருக்கும், மற்றது சிக்னலை ஊட்டும். பக்கவாட்டில் பார்த்தால் படுத்துக்கிடக்கும் ஆங்கில எஃப் எழுத்து போல இருப்பதால் இன்வர்டெட் எஃப் என்று பெயர், சுருக்கமாகப் பிஃபா. இதில் ஒரு வசதி உண்டு. தகட்டின் நீளமும் அகலமும் சேர்ந்து கால் அலை வந்தால் போதும். 83 மில்லிமீட்டர் கம்பி நிற்க இடமில்லாத போனில் 45-க்கு 38 என்ற தகடு படுத்துக்கொள்ளும். 1997-ல் பிரிட்டனின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லியு, ஹால் ஆகியோர் வேக் என்பவருடன் சேர்ந்து, இந்தத் தகட்டில் எல் வடிவத்தில் ஒரு வெட்டு வெட்டி இரண்டு அலைவரிசைகளை வாங்கிக் காட்டினார்கள்.

1999-ல் வந்த நோக்கியா 3210-ல் கொம்பு காணாமல் போனது. ஆன்டெனா உள்ளே போய்விட்டது. 2003-ல் வந்த நோக்கியா 1100 நம் ஊரில் டீக்கடை முதல் வயல் வரப்பு வரை எங்கும் இருந்தது. அதுவும் 900, 1800 இரண்டிலும் வேலை செய்த போன்தான். பழுதாகிப்போன பழைய நோக்கியா வீட்டில் கிடந்தால், பேட்டரியைக் கழற்றிவிட்டு மேல் பகுதியைத் திறந்து பாருங்கள். பிளாஸ்டிக் சட்டத்தின் மேல் வெட்டுக்கள் போட்ட மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். பல மாடல்களில் இதைத் திருகு எடுக்காமலே பார்க்கலாம். சர்வீஸ் கடைக்காரர்களுக்கு இது அத்துப்படி.

போன் இல்லாவிட்டால் அட்டையில் செய்து பாருங்கள். 106-க்கு 46 மில்லிமீட்டரில் ஒரு செவ்வகம் வெட்டுங்கள். இது 1100-ன் உடல் அளவு. அதன் மேல் முனையில் 45-க்கு 38 அளவில் இன்னொரு அட்டையை வையுங்கள். இந்தச் சின்ன அட்டையின் ஒரு மூலையில் 25-க்கு 17 அளவில் குட்டிச் செவ்வகம் வரையுங்கள். 25-ம் 17-ம் சேர்ந்தால் 42, அதாவது 1800-ன் கால் அலை. அந்தக் குட்டிச் செவ்வகத்தின் உள்பக்கம் இருக்கும் இரண்டு கோடுகளையும் கத்தரித்து, ஒரு முனையில் மட்டும் சிறிது வெட்டாமல் விடுங்கள். அந்தக் கழுத்துக்கு அருகில்தான் இரண்டு கால்களும் வரும். இப்போது உங்கள் கையில் இருப்பது இரண்டு அலைவரிசை ஆன்டெனாவின் முதல் வரைபடம்.

முதல் வரைபடம் என்று சொன்னதைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு தோராயம்தான். தகட்டைத் தாங்கும் பிளாஸ்டிக், பக்கத்தில் உள்ள பேட்டரி, ஸ்பீக்கர் எல்லாம் அளவை மாற்றும். ஊட்டும் காலைத் தரைக் காலுக்கு அருகே நகர்த்தினால் மின்தடை குறையும், தள்ளி நகர்த்தினால் கூடும். சாதாரணமாக 50 ஓம் வரும் இடத்தில் வைப்பார்கள். இதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்துத்தான் திருத்துவார்கள். அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் உருவான நெக் என்ற புரோகிராமை அடிப்படையாகக் கொண்ட 4நெக்2 என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸிலேயே ஓடும். ஆனால் அது கம்பிகளைத்தான் நன்றாகக் கணக்கிடும். தகட்டை வலை போலக் கம்பிகளாகப் பின்னித்தான் கொடுக்க வேண்டும். முதல் நாளே பிஃபாவில் இறங்காமல் ஒற்றைக் கம்பியில் தொடங்குங்கள்.

சுருக்கினால் என்ன போகும்?

மடித்து, வெட்டி, சுருட்டி எவ்வளவு வேண்டுமானாலும் சின்னதாக்கிவிடலாமே என்று கேட்கலாம். முடியாது. 1947-ல் வீலரும் 1948-ல் சூ என்பவரும் இதற்கு ஒரு எல்லைக்கோடு போட்டுவிட்டார்கள். அலைநீளத்தோடு ஒப்பிடும்போது ஆன்டெனா மிகச் சின்னதானால் அது வேலை செய்யும் அலைவரிசைப் பட்டை சுருங்கிவிடும். அதுவும் சிறிது சிறிதாகச் சுருங்காது. அளவு பாதியானால் பட்டை ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகும். பட்டை சுருங்காமல் பிடித்து வைக்க வேண்டுமென்றால் ஆற்றலை வெப்பமாக வீணடிக்க வேண்டும். இடம், பட்டை, திறன் மூன்றில் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

ஜிஎஸ்எம் 900-க்கு 890 முதல் 960 வரை 70 மெகா ஹெர்ட்ஸ் அகலம் தேவை. விரல் அளவுத் தகடு தனியாக இதைத் தரவே தராது. அப்படியானால் நோக்கியா எப்படி வேலை செய்தது? ரகசியம் போர்டில் இருக்கிறது. 900-ல் அலையைப் பரப்புவது பெரும்பாலும் தகடு அல்ல, அதற்குக் கீழே இருக்கும் முழு சர்க்கியூட் போர்டின் செம்பு. தகடு அதை உசுப்பிவிடும் வேலையைத்தான் செய்கிறது. அதனால்தான் போர்டு மிகவும் குட்டையாக இருந்தால் 900-ல் திணறும். கைக்கடிகாரம் அளவிலான சாதனங்களின் கஷ்டம் இதுதான். 1800-லும் அதற்கு மேலும் தகடு தன் காலிலேயே நிற்கும்.

கிளியனூர்க்காரருக்கும் சென்னைக்காரருக்கும் இடையே வித்தியாசம் வருவது இந்த இடத்தில்தான். நகரத்தில் டவர்கள் நெருக்கமாக நிற்கின்றன. 1800, 2300, 3500 எல்லாம் பக்கத்திலிருந்தே கிடைக்கும். டவர் தூரத்தில் இருந்தால் உயர்ந்த அலைவரிசைகள் முதலில் கைவிட்டுவிடும். இரண்டும் கால் அலை ஆன்டெனாதான் என்று வைத்துக்கொண்டால், அதே தூரத்தில் 1800-ல் பிடிபடும் ஆற்றல் 900-ல் பிடிபடுவதில் கால் பங்குதான். மரம், சுவர், மேடு ஆகியவற்றைச் சுற்றி வருவதிலும் தாழ்ந்த அலைவரிசைதான் கெட்டிக்காரன். ஆக, உப்பளத்து ஓரத்தில் நிற்பவருக்குக் கடைசி வரை துணை நிற்பது 700, 850, 900. அதே சமயம் சின்ன போனில் வடிவமைக்க மிகவும் கஷ்டமானவையும் இவைதான். இடம் போதவில்லை என்றால் வடிவமைப்பாளர் முதலில் சமரசம் செய்துகொள்வது இந்தப் பக்கத்தில்தான். கடைக் காட்சிப் பெட்டியில் நின்று பார்க்கும்போது இது தெரியாது. அங்கே எல்லாப் போனிலும் முழுக் கோடு காட்டும்.

இன்றைய போன்களில் வேறு ஒரு வழி வந்திருக்கிறது. உங்கள் போன் உலோக விளிம்பு கொண்டதாக இருந்தால் அதன் ஓரத்தை உற்றுப் பாருங்கள். அங்கங்கே மெல்லிய பிளாஸ்டிக் கோடுகள் இருக்கும். அழகுக்காக வைத்தவை அல்ல. விளிம்பைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு ஆன்டெனாவாக்கியிருக்கிறார்கள். எல்லாத் தாழ்ந்த அலைவரிசைகளையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பட்டை போதாது. எனவே உள்ளே ஒரு எலக்ட்ரானிக் சுவிட்சு வைத்து, இப்போது 700, அடுத்து 900 என்று ஆன்டெனாவின் நீளத்தையே மாற்றிக் காட்டுகிறார்கள். வீலரும் சூவும் போட்ட எல்லை அப்படியேதான் இருக்கிறது, அதற்குள்ளேயே நகர்ந்து கொள்கிறார்கள்.

கோலம் போன்ற ஆன்டெனா

சிக்குக் கோலம் போடுபவர்களுக்கு இது பிடிக்கும். ஒரே வடிவத்தைச் சின்னதாக, இன்னும் சின்னதாகத் திரும்பத் திரும்ப வைத்தால் ஒவ்வொரு அளவும் ஒரு அலைவரிசைக்கு ஒத்துப்போகும். 1998-ல் பார்சிலோனாவைச் சேர்ந்த புவென்டேயும் கூட்டாளிகளும் முக்கோணத்துக்குள் முக்கோணம் வைத்து இப்படிப் பல அலைவரிசை ஆன்டெனாவைச் செய்தார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரான வினோய், அமெரிக்காவில் ஆய்வு செய்தபோது ஒரே கோடு இடம் முழுவதையும் நிரப்பி வளையும் ஹில்பர்ட் வடிவத்தில் சிறு ஆன்டெனாக்களை ஆராய்ந்து 2001-ல் வெளியிட்டார். பார்க்க மிக அழகு. ஆனால் அதே இடத்தில் சாதாரண வளைவு நெளிவாக மடித்த கம்பியும் கிட்டத்தட்ட அதே பலனைத் தருகிறது என்று பின்னர் ஒப்பிட்டுக் காட்டினார்கள். எனவே விளம்பரத்தில் "பிராக்டல் ஆன்டெனா" என்று போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கையும் உப்புத் தண்ணீர்தான்

உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். நம் கையும் ரேடியோ அலையின் கண்ணுக்கு ஒரு பை நிறைய உப்புத் தண்ணீர்தான். ஆன்டெனாவைக் கையால் மூடினால் இரண்டு நடக்கும். கை சிறிது ஆற்றலைக் குடித்துவிடும். அத்தோடு ஆன்டெனா நீண்டுவிட்டது போல் அலைவரிசை கீழே இறங்கிவிடும். பட்டை குறுகிய ஆன்டெனாவாக இருந்தால் இந்த இறக்கமே போதும், சேனல் கைநழுவிவிடும். 2010 ஜூனில் வந்த ஐபோன் 4-ல் வெளி விளிம்பே ஆன்டெனா. இடது கீழ்ப் பக்க இடைவெளியை உள்ளங்கை மூடினால் சிக்னல் சரிந்தது. அடுத்த மாதமே ஆப்பிள் நிறுவனம் இலவச உறை கொடுத்தது. கைக்கும் உலோகத்துக்கும் இடையே சிறு ரப்பர் வந்ததும் தொல்லை குறைந்தது.

இதை உங்கள் போனில் சோதிக்கலாம். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், அபௌட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போங்கள் (மாடலுக்கு மாடல் பெயர் சிறிது மாறும்). சிக்னல் ஸ்ட்ரெங்த் என்ற இடத்தில் மைனஸ் 95 டிபிஎம் என்பது போல் ஒரு எண் இருக்கும். கோடுகளை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி வேறு மாதிரி வரைகிறார்கள். எண்ணைப் பாருங்கள். மைனஸ் 95-ஐ விட மைனஸ் 85 நல்லது. 10 கூடினால் ஆற்றல் பத்து மடங்கு, 3 கூடினால் இரண்டு மடங்கு. போனை மேஜையில் வைத்து ஒரு நிமிடம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அடிப்பாகத்தை இறுகப் பிடித்து, அடுத்து மேல் பாகத்தைப் பிடித்து, மீண்டும் குறியுங்கள். ஒரு முறை பார்த்து முடிவு கட்டாதீர்கள். எண் தானாகவே ஆடும். பத்து முறை பார்த்து எக்ஸெல்லில் சராசரி எடுங்கள். எங்கே பிடித்தால் எண் விழுகிறதோ அங்கேதான் ஆன்டெனா இருக்கிறது.

வாங்கும் முன்பும் வாங்கிய பின்பும்

போன் அல்லது மோடம் வாங்கும்போது பெட்டியில் அல்லது கம்பெனி இணைய தளத்தில் "பேண்ட்" எண்கள் இருக்கும். 5 என்றால் 850, 8 என்றால் 900, 28 என்றால் 700, 3 என்றால் 1800, 40 என்றால் 2300. கிராமத்தில் இருப்பவர்கள் 5, 8, 28 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவரும் போன்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும். அங்குள்ள அலைவரிசைகளுக்காக வெட்டிய தகடு நம் டவருக்குப் பொருந்தாமல் போகலாம்.

போனின் முதுகில் ஒட்டும் "சிக்னல் ஸ்டிக்கர்" வாங்காதீர்கள். எதனோடும் இணைக்காத தகடு எதையும் கூட்டாது, சரியாக வைத்த ஆன்டெனாவை நகர்த்தத்தான் செய்யும். உலோகத்தால் ஆன உறையும் அப்படியே. அனுமதி இல்லாத சிக்னல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம். அது பக்கத்து வீட்டாரின் சேவையையும் கெடுக்கும். மோடத்தில் வெளி ஆன்டெனா சாக்கெட் இருந்தால் மட்டும், அந்த அலைவரிசைகளுக்கான ஆன்டெனாவை வாங்கி மொட்டை மாடியில் வைக்கலாம். கேபிள் நீளமானால் அதிலேயே சிக்னல் கரையும் என்பதால் முடிந்தவரை குட்டையாக இழுங்கள். கடலோரத்தில் உப்புக் காற்று இணைப்பை அரித்துவிடும். கனெக்டரின் மேல் ரப்பர் டேப் சுற்றுங்கள்.

கடைசியாக டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு. யுஎஸ்பி வைஃபை டாங்கிளை கேபினெட்டின் பின்புறத்தில் செருகினால் முன்னால் ஒரு இரும்புச் சுவர் நிற்கிறது என்று அர்த்தம். பக்கத்தில் யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் இருந்தால் இன்னும் மோசம். அது 2.4 கிகா ஹெர்ட்ஸில் இரைச்சல் கிளப்பும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-ல் எழுதியிருக்கிறது. ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேஜைக்கு மேலே கொண்டுவந்து வைத்துப் பாருங்கள்.